படத்துக்குப் பின்னால் வைத்த பத்திரம்

பிள்ளையின் பிறப்புப் பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்துபோய்விட்டது என்று பதினெட்டு வருடமாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தொலையவில்லை. வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த பிளாட்டில், சுவாமித் தட்டில், பிள்ளையார் படத்துக்கும் அதன் பின்னட்டைக்கும் நடுவில் நாலாக மடித்தபடி இருந்தது. ஒவ்வொரு நாளும் அதற்கு முன்னால்தான் விளக்கு வைத்தேன்.

பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் மகளை. தங்கை காய்ச்சலில் செத்தபோது பிள்ளைக்கு நாலு வயது. தகப்பன் அதற்கு முன்பே வெளிநாடு போனவர். போய் ஒரு கடிதம் போட்டார், பிறகு அதுவும் இல்லை. நான் கலியாணம் கட்டாதவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அடுப்படிக்குள் போய் நிற்கிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. எழுபது கடந்தும் அது போகவில்லை.

சண்டை திரும்பத் தொடங்கித் தரைப் பாதை பூட்டின வருடம் பிள்ளையையும் கொண்டு கொழும்புக்கு வந்தேன். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் கனடாவுக்குப் போகிறபோது தன் பிளாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற அப்போது எங்களுக்குக் கப்பல்தான். கப்பலுக்கு ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மனுசி தன் அக்காவின் மகனைக் கொண்டுவந்திருந்தா. தாய் தகப்பனின் கடிதம் எங்கே, ஊர் விதானையாரின் கையெழுத்து எங்கே என்று கேட்டு அவவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவ அழுதுகொண்டு போவதைப் பார்த்தபடியே நான் மேசைக்கு முன்னால் வந்துவிட்டேன். இருந்தவன் தலை நிமிர்த்தாமல் "மகளா?" என்று தமிழில் கேட்டான். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லையே என்று அன்றைக்கு என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அந்தத் தலையாட்டல் எங்களோடு கப்பலேறிக் கொழும்புக்கும் வந்தது. கொழும்பில் அப்போது தமிழர் தங்கள் வீட்டில் இருப்பவர்களின் விபரத்தைப் பொலிசில் பதிய வேண்டும். பாஸைப் பார்த்து மகள் என்றே பதிந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். அது என் கைப்பைக்குள் இருந்தது. அதில் தாயின் பெயர் என் தங்கையின் பெயர். அதைக் காட்டினால் பொலிசில் இருப்பது பொய் என்றாகிவிடும். அந்த நாளில் ஒரு கடதாசி ஒன்றைச் சொல்ல, இன்னொரு கடதாசி வேறொன்றைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு வெள்ளவத்தையில் பிளாட்டுக்கு ஒரு கதை இருந்தது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "துலைஞ்சு போச்சுது" என்றேன். எங்கே பதிந்தது என்று கேட்டார்கள். பருத்தித்துறை என்று சொல்ல வேண்டியதை, சாவகச்சேரி என்றேன். சாவகச்சேரி சண்டையில் தரைமட்டமான ஊர். யாரும் போய்த் தேடமாட்டார்கள் என்று எனக்குள் ஏதோ சொன்னது.

பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று கொடுப்பார்கள். அதை எடுத்துத்தான் சேர்த்தேன். அந்தப் படிவத்தில் தாய் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டார்கள். தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார்கள். பிள்ளையின் பெயரோடு தகப்பனின் பெயர் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கிறது, மாற்ற முடியாது. சொன்னேன். எழுதி முடித்து ஒப்பம் வைக்கத் தந்தபோதுதான் விளங்கியது. அந்தக் கடதாசியில் நான் என் தங்கையின் புருஷனுக்குப் பெண்சாதி.

அந்த மனுசனின் முகத்தை நான் நேரே பார்த்துக் கதைத்தது கிடையாது. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? வீட்டுக்கு வந்து, படச் சட்டத்தின் பின்னால் உள்ள சின்ன ஆணிகளைக் கழற்றி, பத்திரத்தை உள்ளே வைத்துத் திரும்ப அடித்தேன். பிள்ளைக்கு ஏழு வயது. "வெளியிலை என்னை அம்மா எண்டு கூப்பிடோணும், வீட்டுக்குள்ளை பெரியம்மா" என்று சொல்லிக் கொடுத்தேன். "சரி" என்றாள். ஒரு நாளும் பிழை விடவில்லை.

பிறகு சண்டை முடிந்தது. பொலிஸ் பதிவும் நின்றது. பிள்ளை வளர்ந்தாள். எனக்கு மட்டும் எதுவும் முடியவில்லை. நாலாம் மாடி. வாசலுக்கு இரும்புக் கம்பிக் கதவு. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. காலி வீதியை நான் தனியே கடந்ததில்லை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த பிளாட்டின் சுவர். கடல் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பது இரைச்சலில்தான் தெரியும். விடிய எழும்பி இடியப்பம் அவித்துக் கீழே கடைக்குக் கொடுப்பேன். அதையும் பிள்ளைதான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு கம்பஸுக்குப் போவாள். என் உலகத்துக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் நடந்து திரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் சட்டம் படித்தாள். மூன்றாம் வருடத்திலிருந்து உலகச் சட்டம் உலகச் சட்டம் என்றே கதை. ஒரு நாள் இடியப்பம் பிழிந்துகொண்டு கேட்டேன்.

"அதென்ன பிள்ளை அது?"

"நாடும் நாடும் கடல் எல்லைக்குத் தகராறு எண்டால், சண்டை நடக்கேக்கை சனத்தை எப்பிடி நடத்தோணும் எண்டால், ஊரை விட்டு ஓடினவையை மற்ற நாடு எப்பிடி ஏற்கோணும் எண்டால், எல்லாத்துக்கும் ஒரு சட்டம் இருக்குப் பெரியம்மா."

"மீறினால் ஆர் பிடிக்கிறது? அதுக்குப் பொலிஸ் ஆர்?"

அவள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தாள். "நாங்கள் மூண்டு வருஷம் படிச்சுக் கேக்கிற கேள்வியை நீங்கள் இடியப்ப உரலோடை நிண்டு கேக்கிறியள்."

"மறுமொழி என்ன?"

"அது தெரியத்தான் அங்கை போய்ப் படிக்கோணும்."

அங்கை என்பது நெதர்லாந்து. நாடுகள் வந்து வழக்குப் பேசுகிற நீதிமன்றம் அந்த நாட்டில்தான் இருக்கிறதாம். அவளோடு படித்தவர்களில் ஒருத்தி லண்டனுக்கு பாரிஸ்டர் படிக்கப் போனாள். ஒரு பெடியன் சிங்கப்பூரில் கொம்பனிகளின் பிணக்குகளைக் கோட்டுக்குப் போகாமல் தீர்க்கிற படிப்புக்குப் போனான். "காசு வேணுமெண்டால் அந்தப் பக்கம் போகோணும்" என்று பிள்ளை சொல்வாள். அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. சண்டைக்குள் அடையாளக் கடதாசி இல்லாமல் போன பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்பினாள். அதைப் பார்த்துத்தான் அந்தப் பல்கலைக்கழகம் இடமும் புலமைப்பரிசிலும் கொடுத்தது. ஒரு வருடப் படிப்பு. கடிதம் வந்த அன்று என்னைப் பிடித்துச் சுற்றினாள். அவள் என்னத்தைப் பற்றி எழுதி அந்த இடத்தை வாங்கினாள் என்பதை நினைக்க, என் கண் சுவாமித் தட்டுக்குப் போனது.

இரண்டு நாள் கழித்து, கொண்டுவர வேண்டிய கடதாசிகளின் பட்டியல் வந்தது. போய் இறங்கியதும் அந்த ஊர் நகரசபையில் பதிய வேண்டும். அதற்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். உத்தேச வயதுச் சான்றிதழ் செல்லாது.

"பெரியம்மா, நான் பிறந்தது சாவகச்சேரியிலைதானே? வடிவாய் யோசிச்சுச் சொல்லுங்கோ."

"ஓம் பிள்ளை. அங்கைதான்."

இதைச் சொல்லும்போதும் நாக் கூசுகிறது. அவள் சாவகச்சேரிப் பதிவுக் கந்தோருக்கு எழுதிக் கேட்டாள். அப்படி ஒரு பதிவு இல்லை என்று பதில் வந்தது. இருக்காதுதானே. முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு வருடம் சேர்த்துத் தேடச் சொல்லித் திரும்ப எழுதினாள். அதற்கும் இல்லை. அந்த நாட்களில் மாளிகாவத்தையில் இருந்து அவளுடைய சிநேகிதி, கூடப் படித்த முஸ்லிம் பிள்ளை, அடிக்கடி வருவாள். நல்ல வாய்க்காரி. ஹோலில் இருந்துகொண்டு இவளைப் பகிடி பண்ணுவது எனக்கு அடுப்படியில் கேட்கும்.

"ஒண்ட பேர்த் சேட்டிபிக்கட்டத் தேடிக்கொள்ளத் தெரியல்ல, நீ போய் உலகத்துக்குச் சட்டம் செல்லப் போறியா?"

"போடி. கட்டுரைக்குப் பொருத்தமான ஆள் நான்தான் எண்டு சொல்லு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின பாத்திரத்தைத் திரும்பக் கழுவினேன்.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். எனக்கே நாளுக்கொரு காரணம் இருந்தது. பொய் எழுதிக் கொடுத்ததற்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ஒரு நாள். தங்கை புருஷன் விசயம் வெளியில் வரும் என்று ஒரு நாள். இரண்டுக்கும் கீழே வேறொன்று கிடந்தது. அவள் போனால் இந்த நாலாம் மாடியில் கம்பிக் கதவுக்குப் பின்னால் நான் தனியே. கீழே போக ஆளில்லை, என் குரலைக் கேட்க ஆளில்லை. படத்தைப் பார்க்கிற நேரமெல்லாம், நான் சும்மா இருந்தாலே போதும், அவள் போகமாட்டாள் என்று மனம் சொல்லும். சும்மா இருப்பது எனக்குத் தெரிந்த வேலைதானே. ஒரே ஒரு ஆணியைக் கழற்ற எத்தனையோ தரம் சுவாமித் தட்டடிக்குப் போய்விட்டு, சாம்பிராணியைக் கொளுத்திவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

கடதாசிகளை அனுப்ப வேண்டிய கடைசி நாள் நெருங்க அவளுடைய கதை மாறத் தொடங்கியது. கொட்டாஞ்சேனையில் ஒரு சட்டத்தரணி தன்னோடு வந்து வேலை பழகச் சொன்னாராம். உறுதி எழுதுகிற வேலை. காணி, வீடு விற்கிற, நன்கொடையாகக் கொடுக்கிற பத்திரங்கள்.

"அதுவும் நல்ல வேலைதான் பெரியம்மா. பின்னேரம் அஞ்சு மணிக்கு வீட்டை வந்திடலாம். உங்களையும் தனிய விடத் தேவையில்லை."

அவள் மெலிந்துபோயிருந்தாள். சிரிப்பைப் பல்லில் மட்டும் வைத்திருந்தாள். எனக்குச் சந்தோசம் வந்தது, பாருங்கோ. அந்தச் சந்தோசத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு கணினியை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "இருந்து கேளுங்கோ" என்று, தான் எழுதியதைத் தமிழில் சொன்னாள். இடம் தந்ததற்கு நன்றி. வேண்டிய ஆவணத்தை எடுக்க முடியவில்லை. இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம்.

"அவையளுக்கு வருத்தமாய் இருக்காது. பின்னாலை நூறு பேர் நிக்கினம். முழுகிப்போட்டு வந்து அனுப்புவம்."

துவாயை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கணினி கதிரையில் திறந்தபடி கிடந்தது. அந்த எழுத்தில் ஒன்றும் எனக்கு வாசிக்கத் தெரியாது. கடைசியில் இருந்த அவளுடைய பெயர் மட்டும் தெரிந்தது. அந்தப் பெயரை வைத்தவள் என் தங்கை. ஆஸ்பத்திரியில் மூன்று பெயர் சொல்லி, இதுதான் என்று தெரிந்தெடுத்தவள்.

படத்தை இறக்கி மேசையில் முகம் கீழாகக் கிடத்தினேன். ஆணிகள் துருப்பிடித்துப் போயிருந்தன. மரக்கறி வெட்டுகிற கத்தியால் நெம்பினேன். மூன்றாவது ஆணியில் கத்தி வழுக்கி விரலில் வெட்டியது. அவள் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது நான் இரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன இது? பிள்ளையாரை ஏன் கவிட்டு வச்சிருக்கிறியள்?"

பத்திரத்தை நீட்டினேன்.

விரித்தாள். வாசித்தாள். திரும்ப மேலிருந்து வாசித்தாள். பருத்தித்துறை என்ற இடத்தில் விரலை வைத்தாள். பதிவு எண்ணில் வைத்தாள். பிறகு கீழே ஒரு இடத்தில் அந்த விரல் நின்றுவிட்டது.

"இது அம்மாவின்ரை கையெழுத்தோ?"

பதிவுப் புத்தகத்தின் படப்பிரதி அது. தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் தங்கை ஒப்பம் வைத்திருந்தாள். தாயின் கையெழுத்தை அந்தப் பிள்ளை அதுவரை கண்டதில்லை. தாயின் ஒரு படம் இருந்தது, ஒரு சேலை இருந்தது, எழுத்து ஒன்றும் இருக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் நான் ஆணி அடித்து வைத்திருந்தேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது.

"ஓம்" என்றேன்.

"எப்ப கண்டெடுத்தனீங்கள்?"

"எடுக்கேல்லை. நான்தான் வச்சது."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கதிரையில் இருந்து, எழுதி வைத்ததை அழித்தாள். பிறகு, "விரலைக் கழுவுங்கோ" என்றாள். அவ்வளவுதான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சிநேகிதியோடு தொலைபேசியில் கதைப்பது கேட்டது. பழைய பதிவுகளின் மறுபிரதிகள் வைத்திருக்கிற இடம் மாளிகாவத்தையில்தான் இருக்கிறதாம், சிநேகிதி வீட்டுக்குக் கிட்ட. எண் கையில் இருந்ததால் இரண்டு பேரும் போய்ப் புதுப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

அதோடு முடியவில்லை. பள்ளிக்கூடச் சான்றிதழில் தாய் நான், பிறப்புப் பத்திரத்தில் தாய் தங்கை. அது ஏன் என்று நான் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டும். கொட்டாஞ்சேனைச் சட்டத்தரணி, அப்படியான கடதாசிகளுக்கு ஒப்பம் வைக்கிற சமாதான நீதவானும்தான். அவரிடமே போனோம்.

அவருடைய கந்தோர் ஒரு கடைக்கு மேல்மாடி. ஒடுங்கின படி. ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. வாங்கில் வேறு அலுவலாக வந்த இரண்டு பேர் இருந்தார்கள், ஒரு ஐயாவும் ஒரு நடுத்தர வயது மனுசியும். தனி அறை கிடையாது. எல்லாம் ஒரே மேசையில்தான். சட்டத்தரணி கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், நல்ல மனுசன்.

"வாங்கம்மா, உக்காருங்க. இவ்வளவு நாளா எங்கம்மா இருந்துச்சு இந்த சேட்டிபிக்கட்?"

நான் பிள்ளையைப் பார்த்தேன்.

"என்னைப் பாக்காதேங்கோ" என்றாள். "உறுதி சொல்லப் போறது நீங்கள்."

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சரி, இப்பிடி வைப்போம். வீடு கிளீன் பண்ணக்குள்ள இப்பதான் கிடைச்சுதுன்னு எழுதுறேன். எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறது. கேள்வி வராது."

வழி திறந்தே கிடந்தது. தலையை ஆட்டினால் போதும். பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. அவள் எழுதி இடம் வாங்கிய கட்டுரையை நினைத்தேன். அவள் போய் அந்த நாட்டில் முதலாவதாகக் கொடுக்கப் போகிற கடதாசி இதுதான்.

"இல்லை" என்றேன். கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துவிட்டுத் திரும்பச் சொன்னேன். "இல்லை ஐயா. ஒளிச்சு வச்சனான். அப்பிடியே எழுதுங்கோ."

"அம்மா, அது கொஞ்சம்…"

"பயத்திலை ஒளிச்சனான். பேந்து பயம் போன பிறகும் குடுக்கேல்லை."

வாங்கில் இருந்த ஐயா திரும்பிப் பார்த்தார். சட்டத்தரணி பேனையை மேசையில் தட்டிக்கொண்டு யோசித்தார். பிறகு எழுதினார். ஆங்கிலத்தில் அடித்து முடித்ததும், எனக்கு அந்த மொழி தெரியாது என்பதால், தமிழில் சொல்லி விளங்கப்படுத்த வேண்டுமாம். அது முறை. அவர் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். இந்து சமயத்தவளாகிய நான் பயபக்தியுடனும் உண்மையாகவும் வெளிப்படுத்தி உறுதியுரைப்பது யாதெனில், என்று தொடங்கியது. ஒன்றாம் பந்தி, இரண்டாம் பந்தி. கப்பல் ஒரு பந்தியில் இருந்தது. தங்கை செத்தது ஒரு பந்தி. நான் ஒருபோதும் விவாகம் செய்யவில்லை என்பதும், மேற்படி பிள்ளையின் தகப்பனாருடன் எனக்கு எவ்வித விவாக உறவும் இருந்ததில்லை என்பதும் ஒரு பந்தி. அந்த மனுசி வாங்கின் நுனிக்கு வந்துவிட்டா. எனக்குக் காது இரண்டும் சுட்டது. நிலத்தில் ஒரு ஓடு உடைந்திருந்தது. முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காலச் சூழ்நிலையின் அச்சத்தினாலும் அதன் பின்னர் எனது சொந்த விருப்பத்தினாலும் மேற்படி பத்திரத்தை வெளிப்படுத்தாது வைத்திருந்தேன், என்பது கடைசிக்கு முந்தின பந்தி.

"சரியாம்மா? மாத்த ஒண்ணும் இல்லையே?"

"இல்லை."

மேற்படி பிள்ளைக்கு நான் தாய் அல்ல என்ற வரிக்குக் கீழேதான் ஒப்பம் வைக்க இடம் விட்டிருந்தார்கள். என் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினேன். பிள்ளை பேனை மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

படி இறங்கினதும் அவள் முன்னால் நடந்தாள். பஸ்ஸில் இடம் இருந்தும் பக்கத்தில் இருக்கவில்லை. அதன் பிறகு விசா வரும் வரைக்கும், "உப்புக் கூட", "கதவைப் பூட்டுங்கோ", "கடைக்குக் குடுத்திட்டன்" என்ற கதைதான். கோபத்தைக் காட்டினாலாவது பதில் சொல்லலாம். அவள் மரியாதையாக நடந்துகொண்டாள். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் அடைந்து கிடந்தோம். ஒரு நாள் மட்டும், உடுப்பு மடித்துக்கொண்டு இருந்தவள், நிமிராமல் கேட்டாள்.

"நான் அண்டைக்கு அந்தக் கடிதத்தை எழுதாட்டில் தந்திருப்பியளோ?"

"தெரியாது பிள்ளை."

அவள் மடித்த உடுப்பைத் தட்டிப் பெட்டிக்குள் வைத்தாள்.

தூதரகத்தில் கேள்வி ஒன்றும் வரவில்லை. அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அவள் போன காலை லிஃப்ட் ஓடவில்லை. "கீழை வராதேங்கோ, திரும்ப ஏற ஏலாது" என்று சொல்லிவிட்டு, என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பெட்டி படிகளில் இடிபட்டு இடிபட்டு இறங்குவது கீழ்மாடி வரைக்கும் கேட்டது. சிநேகிதியின் தகப்பனுடைய வான் வண்டியில் விமான நிலையத்துக்குப் போனாள். நான் கம்பிக் கதவைப் பூட்டிவிட்டு, செய்ய ஒன்றும் இல்லாமல் ஹோலில் நின்றேன். இப்போது கடைக்காரன் ஆள் அனுப்பி இடியப்பத்தை எடுக்கிறான். நான் கதவுக் கம்பிக்குள்ளால் கொடுக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். முதல் இரண்டு மாதமும் குளிர், சாப்பாடு, சைக்கிள் ஓடப் பழகுவது, இவைதான். பிறகு ஒரு ஞாயிறு, தானாகவே சொன்னாள்.

"பெரியம்மா, வகுப்பிலை உங்களைப் பற்றிக் கதைச்சனாங்கள்."

"என்ரை கடவுளே. என்ன கதைச்சனீங்கள்?"

"பேர் ஊர் ஒண்டும் சொல்லேல்லை. ஒரு பிள்ளையின்ரை அடையாளத்தை, அந்தப் பிள்ளையைக் காப்பாத்துறதுக்காக ஒராள் மறைக்கலாமோ எண்டு வழக்கு மாதிரி வச்சுப் பேசினது. இஞ்சை ஒராளே ரெண்டு பக்கமும் பேசோணும். முதல் நாள் உங்களுக்கு எதிராய்ப் பேசினனான். அடுத்த நாள் உங்களுக்காகப் பேசினனான்."

"எது நல்லாய் வந்தது?"

"எதிராய்ப் பேசினதுக்குத்தான் மார்க்ஸ் கூட" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். போன பிறகு அவளுடைய அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"இன்னொரு விசயம்" என்றாள். குரல் மாறிவிட்டது. படிப்பு முடிய ஜெனீவாவில் ஒரு கந்தோரில் வேலை பழக இடம் கிடைக்கும் போல இருக்கிறதாம். சண்டையால் ஊர் விட்டு ஓடி, கடதாசி இல்லாமல் வருகிற பிள்ளைகளின் அலுவல்தானாம். ஆறு மாதம். அதில் நல்லாய்ச் செய்தால் இன்னும் நீட்டுவார்களாம்.

"என்ன செய்ய பெரியம்மா? நிக்கட்டோ, வரட்டோ? நீங்கள் சொல்லுறதைச் செய்யிறன்."

அவள் பகிடிக்குக் கேட்கவில்லை. வா என்று சொன்னால் வந்துவிடுவாள். கொட்டாஞ்சேனையில் அந்த இடம் இன்னும் அவளுக்குக் காத்திருந்தது. நான் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். கீழே யாரோ மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றினார்கள். ரயில் ஒன்று போய் முடிந்தது. நில்லு என்ற ஒரு சொல்லைச் சொல்ல எனக்குக் கனநேரம் எடுத்தது. அந்தப் பக்கத்தில் அவள் அவசரப்படுத்தாமல், வைத்துவிடாமல், கேட்டுக்கொண்டே நின்றாள்.